ஜப்பான் காலம்: என் அலமாரிக்குப் புதிதாக வந்த ஏழு புத்தகங்கள்

பிப்ரவரி 15, இரவு 10.15

இன்று மாலை 6.20க்குச் சிங்கப்பூர் முழுக்கச் சங்கு ஊதியபோது நான் தரையில் புத்தகங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். 1942ல் இதே தேதியில், இதே அந்திப் பொழுதில்தான் புக்கித் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஜப்பானியரிடம் சரணடைந்தார். அதோடு இங்கே ஜப்பான் காலம் தொடங்கியது. வருடா வருடம் ஊதுகிற சங்குதான். இந்த முறை மடியில் இருந்ததும் அந்தக் காலத்துக் கதையாக இருந்ததால் உடம்பு ஒரு கணம் சிலிர்த்துவிட்டது.

இரண்டு மாதத்தில் ஏழு புத்தகம் சேர்ந்திருக்கிறது. எல்லாமே போர்க்காலக் கதை. ப. சிங்காரத்தின் இரண்டு நாவல்களும் ஒரே கட்டில், புதுப் பதிப்பு. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ (சயாம் என்றால் தாய்லாந்து; ஜப்பானியர் அங்கிருந்து பர்மாவுக்குப் போட்ட பாதைதான் மரண ரயில்). அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’. நம்மூர் மா. இளங்கண்ணனின் ‘வைகறைப் பூக்கள்’, பிராஸ் பாசாவில் பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்து கிடந்ததை எடுத்து வந்தேன். ஆங்கிலத்தில் மூன்று: ரிச்சர்ட் ஃபிளனகனின் மரண ரயில் நாவல், அமிதவ் கோஷின் ‘தி கிளாஸ் பேலஸ்’, ஃபாரலின் ‘தி சிங்கப்பூர் கிரிப்’.

என் கேள்வி இது. ஒரு போர் நாவல் தேறுமா தேறாதா என்று நீங்கள் எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்? எனக்கு ஓர் அளவு இருக்கிறது. அரிசி. அந்த ஊரில் அந்த மாதம் அரிசி என்ன விலை, யாரிடம் கிடைத்தது, கிடைக்காதவர்கள் எதைத் தின்றார்கள் என்பது எழுதியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பீரங்கியின் நீளம் தெரிந்து அடுப்பு தெரியாதவர் எழுதினால் எனக்குப் பத்துப் பக்கத்தில் அலுத்துவிடுகிறது.

‘சயாம் மரண ரயில்’ பாதி படித்தேன். விஷயம் பெரியது, எழுத்து தட்டையாக இருக்கிறது. மேல்தட்டில் வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 16, காலை

சிங்காரத்தை எங்கிருந்து தொடங்குவது என்று ஜூரோங்கிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். எல்லாரும் ‘புயலிலே ஒரு தோணி’ என்பார்கள். நான் ‘கடலுக்கு அப்பால்’ என்பேன். சின்னது, நேரான கதை. ஐ.என்.ஏ.யில் (இந்திய தேசிய ராணுவத்தில்) துப்பாக்கி தூக்கிய செல்லையா, சண்டை முடிந்து பினாங்கு வட்டிக்கடைக்குத் திரும்பி வருகிறான். பட்டாளத்துக்குப் போனவன் கடைக்கு உதவ மாட்டான் என்று நினைக்கிற முதலாளி, மகள் மரகதத்தை அவனுக்குத் தர மறுக்கிறார். போரைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டுக் கடைசியில் கதை ஒரு பேரேட்டுக்கு முன்னால் வந்து நிற்கிறது பாருங்கள், அங்கேதான் நான் அந்த மனிதரை நம்பத் தொடங்கினேன்.

சிங்காரம் கேள்விப்பட்டு எழுதியவர் அல்ல. சிங்கம்புணரிக்காரர். 1938ல் பதினெட்டு வயதில் மேடானுக்கு வேலைக்குப் போனார், போர்க்காலம் முழுக்க இந்தப் பக்கம்தான் இருந்தார், 1946ல் ஊர் திரும்பி மதுரையில் பத்திரிகை வேலை பார்த்தார். எழுதியதே இரண்டு நாவல். ‘புயலிலே ஒரு தோணி’ எழுதி முடித்த பிறகும் பல வருடம் பதிப்பாளர் கிடைக்காமல் கிடந்து 1972ல்தான் அச்சானது. பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்று ஒரு வட்டிக்கடையின் படிக்கட்டு முழுவதும் அவருக்குத் தெரியும். நம்மூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் ஒரே கூடத்தில் பல செட்டியார்கள் பெட்டி போட்டு உட்கார்ந்திருந்ததை அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். இப்போது அங்கே வானுயரக் கட்டடங்கள். அந்தக் கூடத்துப் பேச்சு எப்படி இருந்திருக்கும் என்று தெரிய எனக்கு இருக்கிற ஒரே வழி சிங்காரத்தின் பக்கங்கள்தான்.

பிப்ரவரி 17, மதியம்

ஒரு சின்னக் குறிப்பு, இன்றைய தேதிக்காக. சரணடைந்த இரண்டாம் நாள், 1942 பிப்ரவரி 17 அன்று, ஃபேரர் பார்க் திடலில் இந்தியச் சிப்பாய்கள் சுமார் 45,000 பேரை உட்கார வைத்து ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். ஜப்பானிய அதிகாரி மேஜர் ஃபுஜிவாராவும், அவர்கள் பக்கம் சேர்ந்திருந்த இந்திய அதிகாரி மோகன் சிங்கும் பேசினார்கள். ஐ.என்.ஏ. பெரிதாகத் திரளத் தொடங்கியது அங்கேதான். நான் வாரம் இரண்டு முறை அந்த எம்ஆர்டி நிலையத்தில் இறங்கிக் காய்கறி வாங்குகிறேன்.

பிப்ரவரி 20, இரவு

ஃபிளனகன் முடிந்தது. 2014ல் புக்கர் பரிசு வாங்கிய நாவல். அவருடைய அப்பாவே அந்த ரயில் பாதையில் வேலை செய்த போர்க்கைதி. எழுத்து அபாரம், மறுக்க முடியாது. சேறும் காலராவும் கால்புண்ணும் நாறுகிற மாதிரி எழுதியிருக்கிறார். அரிசியும் இருக்கிறது, ஒரு உருண்டை சோற்றுக்காக மனிதர்கள் என்ன ஆகிறார்கள் என்பதும் இருக்கிறது. என் அளவில் முழு மதிப்பெண்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்குச் சாமான் அனுப்பக் கடல்வழி ஆபத்தாகிவிட்டது, நீர்மூழ்கிகள் பயம். அதனால் தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டருக்குக் காட்டையும் மலையையும் வெட்டிப் பாதை போட்டார்கள். 1942ல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். அதில் இறந்தவர்கள் 12,000க்கும் மேல்.

பிப்ரவரி 21, இரவு 11.50

மேலே நான் எழுதிய கடைசி வரி தவறு. அழிக்காமல் விட்டிருக்கிறேன், இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதற்காக.

மலேசியாவின் ஈப்போவிலிருந்து இதைப் படிக்கிற நண்பர் ஒருவர் ஒரே வரியில் கேட்டார்: “அக்கா, 12,000 யார் கணக்கு?”

அது போர்க்கைதிகளின் கணக்கு. ஆங்கிலேயர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர். சுமார் 60,000 கைதிகளில் 12,000க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களைத் தவிர, ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் பேர் வரை அந்தப் பாதையில் வேலை செய்தார்கள். பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், நம் தமிழர். மலாயாவிலிருந்து மட்டும் சுமார் 75,000 பேர், அதில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர். அவர்களில் இறந்தவர்களையும் சேர்த்தால் ஆசியத் தொழிலாளர் சாவு 90,000 வரை போகும் என்று மதிப்பிடுகிறார்கள். மதிப்பீடுதான். கைதிகளுக்கு அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள், மூங்கில் குழாயில் ஒளித்து வைத்தாவது பெயர்ப் பட்டியல் எழுதினார்கள். தோட்டத்து ஆட்களுக்குப் பெயர் எழுத ஆள் இல்லை.

இதை எனக்குச் சொல்லித் தர ஈப்போவிலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தது என்பது மனதை அறுக்கிறது. ஏனென்றால் என் தாத்தாவின் தம்பி அந்தப் பாதையில்தான் போனார். மலாயாவில் குளுவாங் பக்கம் ஒரு கித்தா (ரப்பர்) தோட்டத்திலிருந்து, 1943ல். சின்னத் தாத்தா என்று வீட்டில் ஒரு பெயர் உண்டு, படம் கிடையாது. திரும்பி வரவில்லை. இறந்த தேதி தெரியாததால் எங்கள் அப்பாயி அவருக்குப் புரட்டாசி அமாவாசையில் இலை போடுவார். சின்ன வயதில் அந்த இலையில் இருக்கிற வடைக்காகக் காத்திருந்தவள் நான். அப்படிப்பட்ட நான், 12,000 என்று எழுதி, அவரைக் கணக்குக்கு வெளியே நிறுத்திவிட்டேன்.

2011ல் காஞ்சனபுரிக்குச் சுற்றுலா போயிருந்தோம். கைதிகளின் கல்லறைத் தோட்டம், கிட்டத்தட்ட 7,000 கல், ஒவ்வொன்றின் அருகிலும் பூச்செடி, புல் வெட்டி ஒழுங்காக. நான் நடந்து நடந்து வயதுகளைப் படித்தேன். 22, 24, 23. அழுதேன், உண்மையாகவே அழுதேன். தோட்டத் தொழிலாளர் ஒருவருக்கும் அங்கே கல் இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. வெளியே வந்து இளநீர் குடித்துவிட்டுப் பேருந்து ஏறினோம்.

பிப்ரவரி 22

‘சயாம் மரண ரயில்’ மேல்தட்டிலிருந்து இறங்கிவிட்டது. மறுபடி முதல் பக்கத்திலிருந்து.

பிப்ரவரி 26, இரவு

கொஞ்சம் வேறு விஷயம். ‘வைகறைப் பூக்கள்’ பழைய பிரதியில் முதுகுப் பக்கம் ராமபாணம் ஓட்டை போட்டிருக்கிறது. பக்கத்தில் வைத்த புதுப் புத்தகத்துக்கும் பரவுமோ என்று பயந்து, நெகிழிப் பையில் கட்டிச் சில நாள் உறைபெட்டியில் வைத்தேன். மீனுக்கும் பட்டாணிக்கும் நடுவில் நாவல் இருப்பதைப் பார்த்துவிட்டு என் மகன், “அம்மா, அது எத்தனை மணிக்கு வேகும்?” என்றான். வேலை செய்தது. வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் அப்படியே விட வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் கோத்துக்கொள்ளும். இந்த ஊர்ப் புழுக்கத்துக்குக் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியும் உள்ளே சிலிக்கா பைகளும் இல்லாமல் பழைய தமிழ்த் தாள் தாங்காது. வேப்பிலை, கிராம்பு எல்லாம் வைத்துப் பார்த்துவிட்டேன். மணம் நன்றாக இருக்கும், பூச்சி போகாது.

‘வைகறைப் பூக்கள்’ எங்கே கிடைக்கும் என்று கேட்டவருக்கு: விக்டோரியா தெரு தேசிய நூலகத்தில் பாருங்கள். 1965 முதல் வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ்ப் புத்தகங்களை மின்னாக்கம் செய்து 2015ல் திறந்தார்கள், அந்தத் தொகுப்பிலும் ஒரு முறை தேடிப் பாருங்கள்.

மார்ச் 2, ஞாயிறு, பின்னிரவு

இன்று அங் மோ கியோவில் அத்தையைப் பார்க்கப் போனேன். அப்பாவின் அக்கா, தொண்ணூறு நெருங்குகிறது. 1943ல் அவருக்கு எட்டு வயது. குளுவாங் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து, கல்யாணம் பண்ணி செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்புக்கு வந்தவர். ஜப்பான் காலத்தைப் பற்றி இதற்கு முன் நான் அவரிடம் உட்கார்ந்து கேட்டதில்லை. கேட்டால் அழுவார் என்று யாரோ சொன்னதை நம்பிக்கொண்டு இத்தனை வருடம் இருந்துவிட்டேன்.

அழவில்லை. பேசிக்கொண்டே இருந்தார். நான் போனவுடன் அரிசியைப் பற்றித்தான் கேட்டேன், என் அளவு அதுதானே. அவர் கையை ஆட்டினார்.

“அரிசி இல்லேன்னா கிழங்கு. மரவள்ளி நட்டா வந்துடும். துணிய நட முடியுமா? துணிதான்டி இல்ல.”

லயத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு சேலை தேறியதாம். அப்பாயி வெளியே போனால் பெரியத்தை உள்ளே இருக்க வேண்டும், பெரியத்தை போனால் அப்பாயி உள்ளே. சின்னப் பிள்ளைகளுக்குக் கோணிச்சாக்கில் கழுத்துக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிவிடுவார்கள். முதுகு முழுக்கச் சொறி. அத்தைக்கு இன்றைக்கும் சாக்குப் பையைத் தொட்டால் உடம்பு அரிக்கும் என்கிறார். தேக்கா சந்தையில் சாக்கில் கொட்டி வைத்த வெங்காயத்தை அவர் ஒருபோதும் குனிந்து பொறுக்குவதில்லை, கடைக்காரரைத்தான் எடுத்துப் போடச் சொல்வார். பெருமை பிடித்தவர் என்று நாங்களெல்லாம் சொல்லுவோம்.

மரம் இருந்தது, பால் இருந்தது, வாங்கத்தான் ஆள் இல்லை. கித்தா ஏற்றுமதி நின்றுபோனதால் தோட்டத்தில் வேலையே இல்லை. வெறுமனே உட்கார்ந்திருந்த அந்தச் சனத்தைத்தான் சயாமுக்கு இழுத்தார்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி (டாலர்), சாப்பாடு என்று சொன்னார்கள். ஜப்பானியர் அச்சடித்த வாழைமர நோட்டில்தான் கூலி, ஆனாலும் கூலி. முதலில் சிலர் தாமாகவே போனார்கள். பிறகு கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், வீடு வீடாக வந்து பெயர் எழுதினார். சின்னத் தாத்தாவுக்குப் பத்தொன்பது வயது. பெயர் எழுதியது தாத்தாவுக்கு, அவர் பிள்ளைக்குட்டிக்காரர் என்பதால் தம்பி, “நான் போறேண்ணே” என்றாராம். இது எங்கள் வீட்டில் எனக்கு யாரும் சொல்லாத விஷயம்.

“அண்ணன் சட்டையப் போட்டுக்கிட்டுப் போனாரு சித்தப்பா. வீட்ல இருந்ததே அந்த ஒரு சட்டைதான். அப்புறம் அப்பாவுக்குச் சட்டையே இல்ல. சண்ட முடியற வரைக்கும் வெறும் உடம்பாத்தான் இருந்தாரு.”

தாத்தா சாகும்வரை சட்டை போடுவதில் ஒரு முறை வைத்திருந்தார். வீட்டுக்குள் போட மாட்டார். காற்றுக்காக என்று நினைத்திருந்தேன்.

மார்ச் 3, காலை

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். கிராணி தனியாக வரவில்லையாம், ஆட்களை மேய்க்கிற கங்காணியும் கூட வந்தாராம். அத்தை இன்று காலையில் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார். “நீ எங்கேயோ எழுதுறியாமே, சரியா எழுது” என்றார்.

அரிசி அளவைக் கைவிடுகிறேன். விலைவாசி தெரிந்தவர் நல்ல நாவல் எழுதுவார் என்று எப்படித்தான் அவ்வளவு உறுதியாகச் சொன்னேனோ. எதைக் கேட்க வேண்டும் என்று எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. நான் பசியைக் கேட்டேன், அவர் துணியைச் சொன்னார். ஒரு நாவல் எனக்கு இனி அப்படிச் செய்ய வேண்டும். நான் கேட்க நினைக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

‘சயாம் மரண ரயில்’ முடித்தேன், நடுவில் நிறுத்தி நிறுத்தி.

தட்டையான எழுத்து என்று முதல் நாள் சொன்னேன். அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். என்ன நடந்தது என்றால், இந்த வாரம் இரவுகளில் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழிப் பதிவுகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஜப்பான் காலத்தைப் பார்த்தவர்களிடம் 1981லிருந்து பதிவு செய்தவை, இணையத்திலேயே இருக்கின்றன, தமிழில் பேசியவர்களும் உண்டு. கேட்டுப் பாருங்கள். ஒருவரும் குரலை உயர்த்துவதில்லை. இன்ன இடம், இத்தனை நாள், அப்புறம் மழை, அப்புறம் காய்ச்சல், அப்புறம் அவன் செத்துட்டான். உவமை கிடையாது. அத்தையும் அப்படித்தான் பேசினார். சண்முகத்தின் வாக்கியங்களும் அப்படித்தான் போகின்றன. நாவல் என்றால் மொழி மின்ன வேண்டும் என்று பழகிய காதால் முதல் தடவை அதைக் கேட்டேன், அதுதான் தவறு.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். குறையே இல்லாத புத்தகம் என்று சொல்ல மாட்டேன். உரையாடல் சில இடங்களில் மேடைப் பேச்சு மாதிரி நீள்கிறது. தாய்லாந்து முகாம்களில் இருந்தவர்கள் அத்தனை நேரம் பேச மூச்சு இருந்திருக்குமா என்று தோன்றியது. இதை ஃபிளனகனோடு ஒப்பிட்டு ஒருவர் கீழே எழுதியிருக்கிறார், புக்கர் எங்கே இது எங்கே என்று. அந்த ஒப்பீடு எனக்குப் பிடிக்கவில்லை. ஃபிளனகனில் நம் ஆட்கள் ஓரத்தில்தான் தெரிகிறார்கள். அது அவர் அப்பாவின் கதை, அவர் குற்றமில்லை. நம் அப்பாக்களின் கதையை 1993ல் மலேசியாவில் ஒருவர் தமிழில் எழுதி வைத்தார், நான் அதை மேல்தட்டில் வைத்தேன். வருத்தப்பட வேண்டியது நான்.

ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ அடுத்து. 2005ல் வந்தது, அதே ரயில், அதே காடு. இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்காதீர்கள் என்று ஈப்போ நண்பர் எச்சரித்தார், மனசு தாங்காது என்றார். சரி, நடுவில் வேறு ஏதாவது.

மார்ச் 16

நடுவில் ‘வைகறைப் பூக்கள்’. உறைபெட்டியில் இருந்து எழுந்த புத்தகம். 1990ல் வந்தது. கலாசாரப் பதக்கம் வாங்கிய எழுத்தாளர் நம்மூரில் இருந்துகொண்டு நம்மூரைப் பற்றி எழுதியது, ஆங்கிலத்திலும் வந்திருக்கிறது. ஜப்பான் காலச் சிங்கப்பூரும் ஐ.என்.ஏ.வும் கதைக்களம். தெருப் பெயர் வரும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம், வீட்டு ஆளைக் கூட்டத்தில் பார்த்த மாதிரி.

ஐ.என்.ஏ. பற்றி என் வீட்டிலேயே இரண்டு கட்சி உண்டு. அம்மா வழியில் ஒரு பெரியம்மா, நேதாஜி பேச்சைக் கேட்டுக் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தவர். 1943 ஜூலை 5ல் பாடாங் திடலில் நின்று “டெல்லி சலோ” என்று நேதாஜி சொன்னதைக் கடைசி வரை நடித்துக் காட்டுவார். அப்பா வழியில் யாரும் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள். ஜப்பான்காரனோடு கைகுலுக்கியவர்கள் என்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும், காரணம் சின்னத் தாத்தா. நான் இரண்டு பேர் வீட்டிலும் சாப்பிட்டு வளர்ந்தவள், யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு வாய் வராது. இரண்டும் ஒரே வருடத்தில் நடந்தன. பெரியம்மா சங்கிலியைக் கழற்றிய வருடம்தான் சின்னத் தாத்தா சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிய வருடம். தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போகாமல் தப்பிக்கவே ஐ.என்.ஏ.யில் சேர்ந்தவர்களும் இருந்தார்கள் என்று அத்தை சொல்கிறார்.

அப்புறம் இது. ஜான்சி ராணிப் படையின் முதல் பயிற்சி முகாம் புக்கித் தீமாவில் என்று நான் யாருக்கோ பதில் எழுதியிருந்தேன். தவறு. வாட்டர்லூ தெரு, 1943 அக்டோபர் 22ல் திறந்தார்கள். கேப்டன் லட்சுமியின் கீழ் சேர்ந்த பெண்களில் பலர் மலாயா தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள், அதுவரை தோட்ட எல்லையைத் தாண்டாதவர்கள். வாட்டர்லூ தெரு நான் இந்தப் புத்தகத்தை வாங்கிய பிராஸ் பாசா கடையிலிருந்து நடக்கிற தூரம். கையில் புத்தகப் பையோடு அதே தெருவில்தான் பேருந்துக்கு நடந்தேன்.

மார்ச் 18

ஜப்பான் காலத்தில் கடிகாரம் மாற்றினார்களா என்று ஒரு பள்ளி ஆசிரியை கேட்டிருந்தார். ஆமாம், டோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னே தள்ளினார்கள். அத்தையிடம் கேட்டேன். “எங்க லயத்துல ஏது கடியாரம், சேவலுக்கு யாரு போய்ச் சொல்றது” என்று சிரித்தார்.

மார்ச் 23

ஆங்கிலப் புத்தகம் இரண்டு பாக்கி. ‘தி கிளாஸ் பேலஸ்’ முன்பே நூலகத்தில் எடுத்துப் படித்தது, இப்போது சொந்தப் பிரதி. பர்மாவிலிருந்து மலாயா ரப்பர் தோட்டம் வரை ஒரு குடும்பத்தைப் பின்தொடர்ந்து போகிறது. பிரிட்டிஷ் படையில் இருந்த அர்ஜுன் ஐ.என்.ஏ. பக்கம் போகும் பகுதிக்காகவே வைத்துக்கொள்ளலாம். ‘தி சிங்கப்பூர் கிரிப்’ 1978ல் வந்தது, ரப்பர் கம்பெனி வெள்ளைக்காரக் குடும்பத்தை வைத்து எழுதியது. அறுபது பக்கத்தில் நிற்கிறேன். ரப்பர் விலையைப் பேசுகிற இடங்கள் நன்றாக இருக்கின்றன. அந்த விலைக்குப் பால் வெட்டியவர்கள் வரும்வரை படிப்பேன்.

மார்ச் 30

அலமாரியை மாற்றி அடுக்கினேன். முன்பு தமிழ் ஒரு தட்டு, ஆங்கிலம் ஒரு தட்டு. இப்போது மரண ரயில் மூன்றும் ஒன்றாக: சண்முகம், ரெங்கசாமி, ஃபிளனகன். ஃபிளனகனுக்கு இரண்டு பக்கமும் நம் ஆட்கள். வீட்டில் கேட்டார்கள், இது என்ன வரிசை என்று.

அத்தைக்குக் கண் மங்கல், படிக்க முடியாது. அதனால் ஞாயிறுதோறும் வாசித்துக் காட்டுகிறேன். ‘சயாம் மரண ரயில்’ வேண்டாம் என்றார், “அது எனக்குத் தெரியும்.” அதனால் ‘கடலுக்கு அப்பால்’ தொடங்கினோம். வட்டிக்கடைப் பேச்சு வரும் இடத்தில் எல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கிறார். மரகதத்தைச் செல்லையாவுக்குத் தருவார்களா என்று என்னைப் பக்கம் புரட்டிப் பார்க்கச் சொன்னார். நான் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு வரை பொறுங்கள் அத்தை என்றேன்.

ஈப்போ நண்பருக்கு: நீங்கள் கேட்ட ‘வைகறைப் பூக்கள்’ பிரதியை வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் வருகிற என் தம்பியிடம் கொடுத்துவிடுகிறேன். முதுகில் இருக்கிற ஓட்டைகள் பழையவை, உள்ளே பூச்சி இல்லை, பயப்பட வேண்டாம். உறைக்குள் இரண்டு சிலிக்கா பை வைத்திருக்கிறேன், மிட்டாய் என்று உங்கள் பேரன் பிரித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ‘நினைவுச்சின்னம்’ இன்னும் தொடவில்லை. ஏப்ரலில்.